பேசும் தங்கை, பேசாத அக்கா: ஜாக்கி ஓர்ம்ஸின் பின்-அப் சித்திரங்கள்

பின்-அப் ஓவியத்தின் வரலாறு பெரும்பாலும் அல்பெர்ட்டோ வார்கஸ், கில் எல்விக்ரென் ஆகியோரின் பெயர்களோடுதான் தொடங்குகிறது. இதழ்களிலும் நாட்காட்டிகளிலும் வெளியான அத்தகைய ஓவியங்கள் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் படைவீரர்களின் தங்குமிடச் சுவர்களை அடைந்தன. அவற்றில் இடம்பெற்ற பெண்கள் ஏறத்தாழ அனைவரும் வெள்ளையர். தீட்டியவர்களுள் மிகப் பலர் ஆண்கள். அதே காலத்தில் அமெரிக்க வெகுசன ஊடகம் கறுப்பினப் பெண்ணுக்கு ஒதுக்கிய உருவமோ, தலையில் துணி கட்டிய பருத்த பணிப்பெண். அழகுக்குரியவளாகக் காட்டப்படும் உரிமையே அவளுக்கு மறுக்கப்பட்டிருந்தது.

இந்தப் பின்னணியில்தான் ஜாக்கி ஓர்ம்ஸின் (1911–1985) பங்களிப்பை மதிப்பிட வேண்டும். அமெரிக்க நாளேட்டுலகின் முதல் கறுப்பினப் பெண் சித்திரக்காரராகக் கருதப்படும் அவர், கறுப்பினத்தவர் நடத்திய 'பிட்ஸ்பர்க் கூரியர்' வார ஏட்டில் 1937இல் 'டார்ச்சி பிரவுன்' தொடரைத் தொடங்கினார். 1945 முதல் 1956 வரை அதே ஏட்டில் வெளிவந்த 'பாட்டி-ஜோ அண்ட் ஜிஞ்சர்' என்னும் ஒற்றைக்கட்டச் சித்திரமே அவரது நீண்ட சாதனை.

அதன் அமைப்பு எளியது. அக்கா ஜிஞ்சர் முழுமையான பின்-அப் அழகி; நாகரிக உடை, ஒயிலான நிலை, நேர்த்தியான கூந்தல். தங்கை பாட்டி-ஜோ சிறுமி. பேசுபவள் அவள் ஒருத்தியே. அக்கா வாய் திறப்பதில்லை. இனப் பாகுபாடு, கல்வி, அணுகுண்டு, கம்யூனிச எதிர்ப்பு வேட்டை என அந்தச் சிறுமி தொடாத பொருள் குறைவு.

1955 ஆகஸ்டில் மிசிசிப்பி மாநிலத்தில், வெள்ளையினப் பெண்ணைப் பார்த்துச் சீழ்க்கையடித்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட 14 வயது எம்மெட் டில் கொல்லப்பட்டான். கொலையாளிகளை வெள்ளையர் மட்டுமே கொண்ட நடுவர் குழு விடுவித்தது. அவ்வாண்டு அக்டோபரில் வெளிவந்த சித்திரத்தில், வெள்ளைத் தேநீர்க் கெண்டி ஒன்று தன்னைப் பார்த்துச் சீழ்க்கையடித்ததாக அக்காவிடம் முறையிடுகிறாள் பாட்டி-ஜோ. டில்லின் பெயர் அதில் இல்லை. வாசகருக்கு அது தேவைப்படவும் இல்லை.

இங்கே ஒரு முரண் எழுகிறது. ஜிஞ்சரின் அழகு, பணிப்பெண் உருவத்துக்கான மறுப்பு. எனினும் அம்மறுப்பு அவளது மௌனத்தோடு சேர்ந்தே வருகிறது. வளர்ந்த பெண் பார்க்கப்படுகிறாள், குழந்தை கேட்கப்படுகிறாள். கூர்மையான அரசியல் சொல்லைக் குழந்தையின் வாயில் வைத்தது அக்காலத்தில் ஒரு பாதுகாப்பு உத்தியாகவும் இருந்திருக்கலாம், ஓர்ம்ஸ் எஃப்.பி.ஐ.யின் கண்காணிப்பில் இருந்தவர். ஆனால் இம்முரணோடு அவர் நின்றுவிடவில்லை. 1950இல் தொடங்கிய 'டார்ச்சி இன் ஹார்ட்பீட்ஸ்' வண்ணத் தொடரில் அழகியே பேசினாள், பணிபுரிந்தாள், இறுதிப் பகுதிகளில் இனவெறியையும் தொழிற்சாலை மாசையும் எதிர்த்தாள். அத்தொடரோடு வெளியான, உடை மாற்றி விளையாடும் காகிதப் பொம்மைகளும், 1947இல் டெர்ரி லீ நிறுவனம் தயாரித்த பாட்டி-ஜோ பொம்மையும் கறுப்பினச் சிறுமியருக்குத் தம் சாயலிலேயே அழகைக் காட்டின.

நான்சி கோல்ட்ஸ்டீன் எழுதிய வாழ்க்கை வரலாறு 2008இல்தான் வந்தது. ஐஸ்னர் விருதின் புகழ்மன்றத்தில் ஓர்ம்ஸ் சேர்க்கப்பட்டது 2018இல். இத்தாமதத்துக்கு ஒரு காரணம் ஆவணத்தின் தன்மை. நாட்காட்டியும் பளபளப்பான இதழும் சேகரிப்பாளரின் பேழையில் தங்கின. கறுப்பின வார ஏடு படித்தபின் கழிந்துபோகும் தாள். எந்தப் படிமம் எந்தத் தாளில் அச்சானது என்பதையும் கேட்காத வரை, பின்-அப் ஓவிய வரலாறு வெள்ளையினப் பெண்ணின் வரலாறாகவே எஞ்சும்.