பெற்ற பெயரும் பூண்ட பெயரும்

பெயர் என்பது என்ன? தொட்டிலில் கிடக்கும் குழவியின் காதருகே குனிந்து, பாட்டனார் பெயரையோ குலதெய்வத்தின் பெயரையோ மும்முறை ஓதிவிட்டு, "இனி நீ இதுதான்" என்று உற்றார் தீர்ப்பு எழுதிவிடுகின்றனர். குழவியின் இசைவைக் கேட்டவர் எவரும் இலர். தொழிலும் நெடுங்காலம் அங்ஙனமே வந்தது. தந்தை தறியில் அமர்ந்தால் மைந்தனும் தறியில். தந்தை ஏர் பிடித்தால் மைந்தனும் ஏரில். தந்தை தர்ப்பை ஏந்தினால் மைந்தன் கையிலும் தர்ப்பை! பிறப்பு எழுதியதை அறிவு திருத்தக் கூடாது என்பதே அன்றைய சட்டம்.

அந்தச் சட்டத்தை இருமுனையிலும் மீறத் துணிபவன், எழுத்தாளனாக வேண்டுமென்று முடிவு கட்டும் இளைஞன். எத்தொழிலால் வாழ்வது, எப்பெயரால் அறியப்படுவது என்ற இரு வினாக்களுக்கும் அவன் ஏறத்தாழ ஒரே காலத்தில் விடை காண வேண்டியிருக்கிறது. நம் நாட்டில் இந்த விடைகள் எவ்வாறு காணப்பட்டன? வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

சங்கத் தொகை நூல்களின் புலவர் வரிசையைப் பாருங்கள். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் - தானியம் விற்றவர். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் - துணி விற்றவர். தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார், மருத்துவன் தாமோதரனார், மதுரைக் கணக்காயனார்! ஊரும் தொழிலும் பெயரின் முன்னே நிமிர்ந்து நிற்கின்றன. கடையில் தராசு பிடித்த கை, மாலையில் எழுத்தாணி பிடித்தது. அதை மறைக்க வேண்டுமென்று எவரும் எண்ணவில்லை. இயற்பெயர் மறைந்துபோன புலவர்களும் உண்டு. அவர்களைத் தொகுத்தோர் என்ன செய்தனர்? அவரவர் பாட்டில் ஒளிவிட்ட சொற்றொடரையே பெயராக்கினர். செம்புலப் பெயனீரார் என்றும் அணிலாடு முன்றிலார் என்றும் நாம் இன்று அழைப்பது அவ்வாறு பிறந்த பெயர்களைத்தான். செயல், செய்தவனுக்குப் பெயர் சூட்டிய நாடு இது!

பிற்காலத்தில் வந்தது கேடு. உழைப்பைச் சொன்ன அடைமொழி போய், பிறப்பைச் சொல்லும் வால் ஒட்டிக் கொண்டது. பெயரைக் கேட்டவுடனே, அமர இடம் தருவதா, திண்ணையோடு அனுப்புவதா என்று முடிவு செய்ய அந்த வால் போதுமானதாயிற்று. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, சாதிப் பட்டங்களைப் பெயரினின்று நீக்க வேண்டுமெனத் தீர்மானம் இயற்றியது. இன்று நமக்கு அது எளிய செயலாகத் தோன்றலாம். பட்டமே முகவரியாய், பட்டமே பெண் கொடுக்கவும் கடன் கொடுக்கவும் அளவுகோலாய் இருந்த நாளில், அதை அறுத்தெறிவது எளிதன்று! அந்த அலையில்தான் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். இராமையா அன்பழகன் ஆனார்.

அதற்கும் முன்னரே ஒரு கல்லூரி ஆசிரியர் இத்துறையில் சோதனை நடத்தியிருந்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழ் கற்பித்த வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார் (1870 - 1903), தம் 'தனிப்பாசுரத் தொகை'யைப் 'பரிதிமாற் கலைஞன்' என்ற பெயரால் வெளியிட்டார். சூரியன் பரிதியாயிற்று, நாராயணன் மால் ஆயிற்று, சாஸ்திரி கலைஞன் ஆயிற்று. எழுதியவர் இன்னார் என்று பாராமல், எழுத்தின் தகுதியை மட்டும் உலகம் எடை போடட்டும் என்பதே அவர் நோக்கம். ஆங்கில நாட்டில் மேரி ஆன் இவான்சு என்ற பெண்மணி, ஜார்ஜ் எலியட் என்று ஆண் பெயர் பூண்டு புதினம் எழுதியதிலும் இந்தக் கருத்து உண்டு. பெண் எழுதியது என்றாலே இளக்காரமாய்ப் படிப்போரின் கண்ணைக் கட்டிவிட்டு, நூலை மட்டும் நீட்டினார் அவர்.

அதே கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய வேதாசலனார் கதை இன்னும் கூரியது. 1911இல், பட்டப் படிப்பில் தமிழ் கட்டாயப் பாடமாக இருந்த நிலை போயிற்று; அவரும் வேலையை விட்டு நீங்கிப் பல்லாவரம் சென்றார். 1916இல் தனித்தமிழ்க் கொள்கையை மேற்கொண்டு, வேதாசலம் என்ற பெயரையும் மறைமலை என்று மாற்றிக் கொண்டார். ஊதியம் போயிற்று, கொள்கை வந்தது, பெயர் அக்கொள்கையின் கொடியாயிற்று!

இனிப் புதுவைக்குச் செல்வோம். 1891இல் பிறந்த கனகசுப்புரத்தினம், பிரெஞ்சு அரசின் பள்ளியில் 1909 முதல் தமிழாசிரியர். அரசு ஊதியம் வாங்குபவர் அரசியல் எழுதினால் வரும் விளைவு யாவரும் அறிந்ததே. ஆதலால் கிறுக்கன், கிண்டல்காரன், கண்டெழுதுவோன் எனப் பற்பல பெயர்கள் அவருக்குக் கேடயமாயின. இறுதியில் நிலைத்தது 'பாரதிதாசன்'. இதைக் குறித்து எழுந்த வினா நம் இளைஞர்கள் அறிய வேண்டியது. தன்மானம் பேசும் இயக்கத்தின் பாவலர், எவருக்கேனும் 'தாசன்' ஆகலாமா? அதிலும் பார்ப்பனக் குடியில் பிறந்த ஒருவருக்கா? பலர் கேட்டனர், சிலர் கேலியும் செய்தனர். அவரோ பெயரை மாற்றவில்லை. தாம் பழகி அறிந்த பாரதி சாதியை வெறுத்தவர், அதற்காகவே தம் உள்ளத்தில் இடம் பெற்றவர் என்பதே அவர் கொண்ட நிலை. பிறப்பை வைத்து ஒருவரை உயர்த்துவது மடமை என்றால், பிறப்பை வைத்து ஒருவரைத் தள்ளுவதும் மடமைதானே! நன்றியை அறிவால் ஆராய்ந்து ஏற்றவர் அவர்.

பிழைப்புக்கு அவர் கண்ட வழியையும் கவனியுங்கள். 37 ஆண்டுகள் ஆசிரியப் பணி செய்து, 1946இல் ஓய்வு பெற்றார். மாதந்தோறும் வந்த அந்த ஊதியந்தான், எவர் வாயிலிலும் நில்லாமல் பாட அவருக்கு முதுகெலும்பாக இருந்தது. அதே ஆண்டில் அறிஞர் அண்ணாவின் முயற்சியால் 25,000 ரூபாய் நிதி திரட்டி அளித்துத் தமிழகம் அவரைப் போற்றியது. பின்னர் 1961இல், 'பாண்டியன் பரிசு' காவியத்தைத் திரைப்படமாக்கும் ஆவலோடு சென்னைக்கு வந்து, தியாகராய நகர் இராமன் தெருவில் தங்கினார். படம் உருவாகவில்லை. 1964 ஏப்ரல் 21இல் சென்னையிலேயே மறைந்தார். வகுப்பறை தாங்கிய கவிஞரைப் பட உலகம் தாங்கவில்லை.

தியாகராய நகர்! அந்த நகரின் பெயர்களே ஒரு வரலாற்று ஏடு. மாம்பலத்து நெடிய ஏரியைத் தூர்த்து 1920களில் எழுந்த அந்நகருக்கு நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் பெயர். பூங்காவுக்குப் பனகல் அரசர் பெயர். சாலைக்கு டாக்டர் நாயர் பெயர். மற்றொரு பூங்காவுக்கு நடேசனார் பெயர். பார்ப்பனரல்லாத மாணவர் சென்னையில் தங்கிப் படிக்க இடமின்றித் தவித்த காலத்தில், 1916இல் திருவல்லிக்கேணியில் திராவிட இல்லம் கண்டவர் அந்த நடேசனார். தொழிலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஏட்டில் இருந்து பயன் என்ன? படிக்க உறைவிடமும் உண்ணச் சோறும் வேண்டாவா?

இந்நகரின் எல்லைக்குள்தான் ஹென்ஸ்மன் சாலை என்று ஒன்று இருந்தது. இன்று அது கண்ணதாசன் சாலை. 1927இல் சிறுகூடல்பட்டியில் பிறந்தபோது முத்தையா. காரைக்குடிக் குடும்பம் ஒன்றுக்குத் தத்துச் சென்றபோது நாராயணன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்ற அந்த இளைஞர், 'திருமகள்' இதழில் வேலை தேடிச் சென்ற காலத்தில் தாமே சூட்டிக்கொண்ட பெயர் கண்ணதாசன். முதலிரு பெயர்களும் பிறர் இட்டவை. மூன்றாவது அவரே எடுத்தது. 1953இல், டால்மியாபுரம் என்ற ஊர்ப்பெயரைக் கல்லக்குடி என்று மாற்றக் கோரிய போராட்டத்தில் கலந்து சிறை சென்றார். தன் பெயரைத் தானே தேர்ந்த இளைஞர், ஊரின் பெயருக்காகவும் விலை கொடுத்தார்! கண்ணனுக்குத் தாசன் என்று பெயர் வைத்துக்கொண்டு பகுத்தறிவு பேசியது பொருந்துமா என்று அன்று நகைத்தோர் உண்டு. 1961இல் கழகத்தினின்று விலகி, பின்னாளில் சமயம் எழுதியபோது, பெயருக்கேற்ற முடிவு என்று நகைத்தோரும் உண்டு. இருசாராரும் பெயரையே பார்த்தனர். தமிழ் மக்களோ பாட்டைக் கேட்டனர். சாலைக்குப் பெயர் வந்தது.

தெற்கே அடையாற்றுக்கு வருவோம். அங்கே காந்தி நகரில் தம் கடைசி ஆண்டுகளைக் கழித்தவர் 'கல்கி'. புத்தமங்கலத்துக் கிருஷ்ணமூர்த்தி, 1921இல் பள்ளியிறுதித் தேர்வைத் துறந்து ஒத்துழையாமையில் குதித்துச் சிறை கண்டவர், 1923இல் திரு.வி.க.வின் 'நவசக்தி'யில் பணியேற்றவர். பத்தாம் அவதாரம் எப்போது வருமென்று பக்தர்கள் காத்திருக்க, அந்தப் பெயரைப் பூண்டு எழுதுகோலோடு வந்து நின்றார்! அவர் கொள்கை வேறு, நம் கொள்கை வேறு. எனினும் தொழில் நெறியில் அவரிடம் கற்க ஒன்று உண்டு. 'ஆனந்த விகட'னை விட்டு அவர் 1941இல் வெளியேறியபோது, அந்நிறுவனத்தில் அவர் விட்டுச் சென்றது நாற்காலியை மட்டுமே. பெயர் அவரோடு வந்தது. புதிய இதழுக்கும் அதுவே பெயராயிற்று. உழைப்பை விற்கலாம், பெயரை விற்றுவிடக் கூடாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

எழுத்தே வேறு தொழிலுக்கு ஏணியானதும் உண்டு. திரிபுரசுந்தரி என்ற மருத்துவ மாணவி, வீட்டால் கட்டணம் செலுத்த இயலாத நிலையில், 'லட்சுமி' என்ற பெயரில் கதைகள் எழுதி, அந்த வருவாயால் படித்து மருத்துவரானார். 1984இல் சாகித்திய அகாதமி பரிசும் அவரைத் தேடி வந்தது. பெண்ணுக்குக் கல்வி எதற்கு என்று கேட்டவர்களுக்கு, அவருடைய ஒரு கையில் எழுதுகோலும் மறு கையில் நாடிமானியும் விடை கூறின.

மறுபுறமும் காண்போம். ஜ. தியாகராஜன் என்ற இளைஞர் செகந்தராபாத்திலிருந்து வந்து 1952இல் ஜெமினி படநிலையத்தில் சேர்ந்தார். செய்தித்தாள்களைக் கத்தரித்துக் கோப்பில் சேர்ப்பது அவர் வேலைகளுள் ஒன்று. ஏறத்தாழ 14 ஆண்டுகளுக்குப் பின் அதை விட்டு, எழுத்தே வாழ்வென்று தியாகராய நகர்க் குடித்தனத்தில் அமர்ந்தார் - அவர்தான் அசோகமித்திரன். 2017இல் மறையும்வரை எழுதினார். செல்வம் சேரவில்லை, படைப்புகள் சேர்ந்தன. அந்த வழி புகழுக்குரியது. ஆனால் அதில் இறங்குமுன், அரிசிக் கடைக்காரர் புனைபெயரைப் பார்த்துக் கடன் தரமாட்டார் என்பதையும் இளைஞர் எண்ணிப் பார்த்தல் நலம்.

"அப்படியானால் பெயரை மாற்றிக்கொண்டால்தான் எழுத்தாளனா?" என்று கேட்பீர்கள். இல்லை! ஜெயகாந்தனை ஞானபீடம்வரை கொண்டு சென்றது அவர் எழுத்தே. பள்ளியில் பல ஆண்டு பயிலாத அவருக்கு அச்சகமும் தெருவும் கல்லூரியாயின. பெயர் மாற்றம் தன்னளவில் அறமும் அன்று, குற்றமும் அன்று. எதற்காக மாற்றுகிறோம் என்பதே வினா. சாதி வாலை அறுக்கவா? வரவேற்கிறோம். அதிகாரத்தின் கண்ணில் மண்ணைத் தூவி உண்மையைச் சொல்லவா? வாழ்த்துகிறோம். பாஸ்டில் சிறையில் கிடந்த அரூவே, 1718 முதல் வால்டேர் என்ற பெயரோடு மடமையைச் சாடினாரே, அந்த மரபு அது. பெயருக்குப் பின்னே பதுங்கி, எளியவர்மீது சேறு வாரி எறியவா? அதற்குப் பெயர் புனைபெயர் அன்று, முகமூடி!

மயிலையில் வள்ளுவர் பிறந்தார் என்பர். செவிவழிச் செய்திதான், சான்று இல்லை. வள்ளுவர் என்பது அவர் பெற்ற பெயரா, பூண்ட பெயரா, பின்னோர் தந்த பெயரா? அதற்கும் சான்று இல்லை. அவர் என்ன தொழில் செய்து உண்டார் என்பதும் கதையே. ஆயினும் 1330 குறள் இருக்கிறது!

ஆதலால், இளைஞர்காள்! பெற்ற பெயர் பிறர் தந்தது. பூண்ட பெயர் நாம் தேர்வது. மூன்றாவதாக ஒன்று உண்டு. அதுதான் ஈட்டிய பெயர். கூலம் விற்ற சாத்தனும், வகுப்பெடுத்த கனகசுப்புரத்தினமும் நேர்மையான உழைப்பில் வயிற்றை நிறுத்திக்கொண்டு ஈட்டினர். கைபேசித் திரையில் பெயர் பதிக்க விழைவோர்க்கும் வழி அதுவே. முதலில் எவரையும் அண்டி நில்லாத ஒரு தொழிலைத் தேடுங்கள். சாதியின் நிழல் படாத பெயரைப் பூணுங்கள். பிறகு அந்தப் பெயரை மறந்துவிட்டு எழுதுங்கள். அதை நினைவில் வைத்திருப்பது படிப்பவர் பொறுப்பு!