நியூ காலேஜ் ஆஃப் ஃபுளோரிடா: 2023 நிர்வாக மாற்றம்

நியூ காலேஜ் ஆஃப் ஃபுளோரிடா, அமெரிக்காவின் சரசோட்டா நகரிலுள்ள அரசுக் கல்லூரி. 1960இல் தனியார் கல்லூரியாக நிறுவப்பட்டு, 1975இல் மாநில உயர்கல்வி அமைப்பில் சேர்ந்தது. 2023 ஜனவரியில் குடியரசுக் கட்சி ஆளுநர் ரான் டிசாண்டிஸ், பழமைவாதச் செயற்பாட்டாளர் கிறிஸ்டோபர் ரூஃபோ உட்பட ஆறு பேரை அறங்காவலர் குழுவில் நியமித்தார். அம்மாத இறுதியிலேயே கல்லூரித் தலைவர் பட்ரீஷியா ஓக்கர் நீக்கப்பட்டார். முன்னாள் மாநிலக் கல்வி ஆணையர் ரிச்சர்ட் கார்கரன் இடைக்காலத் தலைவரானார். பன்மைத்துவ அலுவலகம் கலைக்கப்பட்டது. ஏப்ரலில் ஐந்து ஆசிரியர்களுக்குப் பணி நிரந்தரம் மறுக்கப்பட்டது. ஆகஸ்டில் பாலினக் கல்விப் பாடப்பிரிவை மூட அறங்காவலர்கள் வாக்களித்தனர். இடதுசாரிச் சாய்வு நீங்கிக் கருத்துச் சமநிலை வரும் என்றனர் ஆதரவாளர்கள். கல்விச் சுதந்திரம் பறிபோகிறது என்றனர் எதிர்ப்பாளர்கள். நிர்வாகத்தில் ஆசிரியர் பங்கேற்பு நெறிகளை மீறியதாக, 2024இல் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம் இக்கல்லூரியைக் தண்டனை நடவடிக்கைப் (sanction) பட்டியலில் சேர்த்தது.