‘ரிவர்சல் ஆஃப் ஃபார்ச்சூன்’: வழக்கின் மையமும் ஓரமும்

பார்பெட் ஷ்ரோடர் இயக்கத்தில் 1990இல் வெளிவந்த ‘ரிவர்சல் ஆஃப் ஃபார்ச்சூன்’, அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் நடந்த கொலை முயற்சி வழக்கொன்றைத் தழுவிய படம். மேல்முறையீட்டை நடத்திய வழக்கறிஞர் ஆலன் டெர்ஷோவிட்ஸின் நூலே இதற்கு மூலம்.

பெருஞ்செல்வரான தம் மனைவி சன்னிக்கு இன்சுலின் செலுத்தி இருமுறை கொல்ல முயன்றார் என்பது கிளாஸ் ஃபான் பியூலோ மீதான குற்றச்சாட்டு. 1980 டிசம்பரில் நினைவிழந்த சன்னி, 2008இல் இறக்கும்வரை மீளவில்லை. 1982இல் கிளாஸுக்கு 30 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஆயினும், 10 லட்சம் டாலர் பிணையில் அவர் வெளியிலேயே இருந்தார். சன்னியின் பிள்ளைகள் அமர்த்திய வழக்கறிஞரின் விசாரணைக் குறிப்புகள் எதிர்த்தரப்புக்குத் தரப்படவில்லை என்பதையும், மருந்துகள் நீதிமன்ற ஆணையின்றிச் சோதிக்கப்பட்டன என்பதையும் சுட்டி, மாநில உச்ச நீதிமன்றம் 1984இல் தீர்ப்பை நீக்கியது. 1985 மறுவிசாரணையில் அவர் விடுதலையானார்.

இப்பாதுகாப்புகள் குற்றஞ்சாட்டப்பட்ட அனைவருக்கும் உரியவை; அவற்றை நாம் குறைகூறவில்லை. ஆனால் அவற்றைப் போராடிப் பெறப் பணமும் தேர்ந்த வழக்கறிஞர் குழுவும் வேண்டும் என்பதைப் படமே காட்டுகிறது.

படத்தில் டெர்ஷோவிட்ஸ், மரண தண்டனையை எதிர்நோக்கும் இரு கருப்பினச் சகோதரர்களுக்காகவும் போராடுகிறார். உண்மையில் அவர் வாதாடியது அரிசோனாவைச் சேர்ந்த இரு வெள்ளையினச் சகோதரர்களுக்காக. ‘டைசன் எதிர் அரிசோனா’ எனப்படும் அவ்வழக்கில் 1987இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. படம் அவர்களைக் கருப்பினத்தவராக்கியது. எனினும், அவர்தம் வாழ்வைக் கதையின் ஓரத்திலேயே நிறுத்தியது. செல்வந்தருக்காக வாதாடும் வழக்கறிஞரின் மனச்சான்றுக்குச் சான்று கூறுவதே அவர்களுக்கு வாய்த்த பணி.

பாதிக்கப்பட்டோரின் அடையாளத்தைத் திரை மாற்றுவது நமக்கும் புதிதன்று. ‘ஜெய் பீம்’ (2021) படத்திற்கு அடிப்படையான காவல் மரண வழக்கில் பாதிக்கப்பட்டவர் குறவர் சமூகத்தவர், படத்திலோ இருளர். அங்கே ஒடுக்கப்பட்ட பெண்ணின் போராட்டம் கதையின் மையத்தில் நின்றது என்பது முக்கியமான வேறுபாடு. ஆயினும் கேள்வி ஒன்றே: ஒடுக்கப்பட்டோர் தம் வழக்கின் உரிமையாளராக வருகிறார்களா, பிறரது நற்குணத்தை விளக்கும் சான்றாக வருகிறார்களா? நீதிமன்றப் படங்களை நாம் இக்கேள்வியோடு அணுக வேண்டும்.