தூது போனவர் பேராயரானார்

1679 மே 3, சனிக்கிழமை. செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராயர் ஜேம்ஸ் ஷார்ப் மகள் இசபெல்லாவோடு கோச்சு வண்டியில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். வழியில் சீரெஸ் ஊர்ப் பாதிரியார் வீட்டில் இறங்கி, ஒரு பைப் புகைத்துப் பேசிவிட்டுத்தான் புறப்பட்டார். மறுநாள் அவருக்கு 61 வயது நிறைய வேண்டும்.

அதே வேளையில் பக்கத்து மேட்டில் ஒன்பது பேர் குதிரைகளோடு காத்திருந்தார்கள். அவர்கள் தேடியது அவரை அல்ல. தங்கள் ஆட்களை வேட்டையாடிய கார்மைக்கேல் என்ற அதிகாரியை. அவன் சிக்கவில்லை. பேராயரின் வண்டி வருவதாகச் சேதி வந்தது. கடவுளே கொண்டுவந்து சேர்த்த இரை என்று நினைத்தார்கள்.

அவ்வளவு வெறுப்பு எதற்கு? காத்திருந்தவர்கள் ஸ்காட்லாந்தின் பிரஸ்பிட்டேரியன்கள். திருச்சபையில் ஆயர் என்ற பதவியே அவர்களுக்கு ஆகாது. 1660-ல் இரண்டாம் சார்லஸ் அரியணை ஏறியபோது, தங்கள் திருச்சபையைக் காப்பாற்றச் சொல்லி கிரெய்ல் ஊர்ப் போதகரான ஷார்ப்பை லண்டனுக்குத் தூது அனுப்பினார்கள். கவலை வேண்டாம் என்றுதான் அவர் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். மறு ஆண்டு டிசம்பரில் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார்! விலைபோனாரா, காற்றடிக்கும் திசை பார்த்தாரா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அனுப்பியவர்களுக்கு அந்தச் சந்தேகமெல்லாம் இல்லை.

1668-ல் எடின்பரோவில் ஜேம்ஸ் மிட்செல் என்பவர் ஷார்ப்பைச் சுட்டார். குண்டு பக்கத்திலிருந்த ஆர்க்னி ஆயரின் கையில் பாய்ந்தது. பின்னாளில் பிடிபட்ட மிட்செலிடம், உயிருக்கு ஆபத்தில்லை என்று உறுதி சொல்லி வாக்குமூலம் வாங்கினார்கள். அப்படி ஓர் உறுதியே தரவில்லை என்று நீதிமன்றத்தில் சத்தியம் செய்தவர்களில் ஷார்ப்பும் ஒருவர். 1678-ல் மிட்செலுக்குத் தூக்கு. பேராயரின் கணக்கில் என்னால் மன்னிக்க முடியாத வரவு இதுதான்.

அந்தச் சனிக்கிழமை, மேகஸ் மூர் என்ற பொட்டலில் அந்த ஒன்பது பேர் வண்டியை மறித்துச் சுட்டார்கள். கிழவர் சாகவில்லை. இழுத்துப் போட்டு மகளின் கண்ணெதிரே வாளால் வெட்டினார்கள். அவருடைய புகையிலைச் சிமிழைத் திறந்ததும் ஒரு தேனீ பறந்ததாம். அதுதான் அவர் வளர்த்த குட்டிச்சாத்தான் என்றார்களாம்.

கூட்டத்தில் ஒருவர் மட்டும் குதிரையை விட்டு இறங்கவில்லை. டேவிட் ஹாக்ஸ்டன். பேராயரோடு அவருக்குச் சொந்த வழக்கு இருந்தது. பழிதீர்த்தான் என்ற பேர் வேண்டாம் என்று, அங்கியால் வாயை மூடியபடி பார்த்துக்கொண்டிருந்தார். உயிருக்குக் கெஞ்சித் தன்பக்கம் தவழ்ந்து வந்தவரைத் தொடவுமில்லை, காக்கவுமில்லை.

வெட்டியவர்களில் பால்ஃபர், ரஸ்ஸல் என்ற இருவரும் தப்பிவிட்டார்கள். கொலைக்குச் சம்பந்தமே இல்லாத ஐந்து கைதிகளை அதே பொட்டலில் தூக்கிலிட்டது அரசு. ஒன்பது பேரில் தண்டனை பெற்றவர்கள் இருவர்தான். ஒருவர், குதிரைகளைப் பிடித்துக்கொண்டு நின்ற நெசவாளி ஆண்ட்ரூ கில்லன். மற்றவர் ஹாக்ஸ்டன், 1680-ல் தூக்கில் போடும் முன் அவருடைய இரண்டு கைகளையும் வெட்டினார்கள்.