கடற்கரையில் இறந்து கிடந்த பறவைகளும் காய்ச்சல் மருந்தும்



பறவைக் காய்ச்சல் செய்தி வரும்போதெல்லாம், "எச்5என்1 என்றால் என்ன சார்?" என்று உங்களில் யாராவது கேட்பீர்கள். அந்த இரண்டு எழுத்துகளும் வைரசின் மேலுறையில் முட்கள்போல் துருத்தி நிற்கும் இரண்டு புரதங்களைக் குறிப்பவை. எச் என்பது ஹீமக்ளூட்டினின். செல்லின் மேலுள்ள சயாலிக் அமிலத்தைப் பற்றிக்கொண்டு வைரஸ் உள்ளே நுழைய இது உதவுகிறது. என் என்பது நியூராமினிடேஸ். பெருகி வெளிவரும் புதிய வைரஸ்கள் அதே சயாலிக் அமிலத்தில் சிக்கிக்கொள்ளாதபடி வெட்டிவிடும் கத்தரி இது. பக்கத்தில் வரும் எண்கள் அவற்றின் வகைகள்.

இந்தக் கத்தரியின் வரலாறு சுவையானது. 1961-ல் தென்னாப்பிரிக்கக் கடற்கரையில் ஆலாப் பறவைகள் கூட்டமாக இறந்தன. அவற்றில் ஃப்ளூ வைரஸ் இருந்தது. 1967-ல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கடற்கரையில் கிரேம் லேவர், ராபர்ட் வெப்ஸ்டர் என்ற இரு விஞ்ஞானிகள் நடந்துகொண்டிருந்தார்கள். வழியெங்கும் ஷியர்வாட்டர் என்னும் கடற்பறவைகள் செத்துக் கிடந்தன. இவையும் ஃப்ளூவால் இறந்திருக்குமோ என்று அவர்களுக்குத் தோன்றியது. மனிதனுக்கு வரும் ஃப்ளூவின் மூலமே பறவைகளிடம் இருக்கலாம் என்ற எண்ணமும் கூடவே இருந்தது.

பிறகு பெருந்தடுப்புப் பவளத்திட்டில் உள்ள டிரையன் தீவுக்குப் போய்ப் பறவைகளிடம் மாதிரி எடுத்தார்கள். 1972-ல் ஒரு ஷியர்வாட்டரிடம் ஃப்ளூ வைரஸ் கிடைத்தது. 1975-ல் அதே பவளத்திட்டில், நாடி என்ற ஆலா இனப் பறவையிடம் என்9 வகை வைரஸ் கிடைத்தது.

லேவர் இன்னொரு வேலையும் செய்தார். நியூராமினிடேசின் தலைப்பகுதியை வைரசிலிருந்து வெட்டியெடுத்துப் படிகமாக்கினார். மெல்போர்னில் பீட்டர் கோல்மன், ஜோஸ் வர்கீஸ் ஆகியோர் அந்தப் படிகத்தை எக்ஸ்கதிரில் ஆராய்ந்தார்கள். முதலில் மனித வைரசின் என்2 அமைப்பு 1983-ல் வெளியானது. நாடிப் பறவையின் என்9 அமைப்பு 1987-ல் வந்தது.

அப்போதுதான் ஓர் உண்மை துலங்கியது. ஃப்ளூ வைரஸ் தன் வெளித்தோற்றத்தை ஓயாமல் மாற்றுகிறது. தடுப்பூசியை அடிக்கடி புதுப்பிப்பது அதனால்தான். ஆனால் இந்தப் புரதத்தின் நடுவே ஒரு சிறு குழி இருக்கிறது. சயாலிக் அமிலம் வெட்டப்படும் இடம் அதுவே. மனித வைரசானாலும் பறவை வைரசானாலும் அந்தக் குழி பெரும்பாலும் மாறவில்லை. மாறினால் கத்தரி வெட்டாது!

அந்தக் குழியில் போய் அடைத்துக்கொள்ளும் மூலக்கூறை மார்க் வான் இட்ஸ்டீன் குழுவினர் 1989-ல் வடிவமைத்தார்கள். அதுதான் ஜனாமிவிர். 1999-ல் விற்பனைக்கு வந்தது. அதே வழியில் உருவானது ஒசல்டாமிவிர். 2009-ல் பன்றிக் காய்ச்சல் பரவியபோது நம் அரசு மருத்துவமனைகளில் கொடுத்த மாத்திரை. அரிதாகச் சில மாற்றங்களால் இதற்கும் பணியாத வைரஸ்கள் தோன்றுவதுண்டு.

கடற்கரையில் எழுந்த கேள்விக்கும் மருந்துக் கடைக்கும் இடையே 32 ஆண்டுகள். "பறவையை ஆராய்ந்து என்ன பயன்?" என்று யாராவது கேட்டால், இதைச் சொல்லுங்கள்.

ஒரு வேண்டுகோள்: செத்துக் கிடக்கும் பறவையை வெறுங்கையால் தொடாதீர்கள். ஃப்ளூ மருந்து முதல் இரண்டு நாளுக்குள் தொடங்கினால்தான் நன்றாகப் பலிக்கும். மருத்துவர் சொன்னால் மட்டும் சாப்பிடுங்கள்.