வின் சாந்தோ

வின் சாந்தோ இத்தாலியின் தொஸ்கானா (டஸ்கனி) பகுதிக்குரிய மரபு ஒயின். உணவு முடிந்தபின் சிறு கோப்பையில் அருந்தப்படுவது. 'புனித ஒயின்' என்பது பெயரின் பொருள். திராட்சைக் குலைகளை மாதக்கணக்கில் பரணில் உலர்த்திப் பிழிந்து, அந்தச் சாற்றைச் சிறு மரப்பீப்பாய்களில் அடைத்து, ஆண்டுக்கணக்கில் திறக்காமல் வைத்து இதைச் செய்கிறார்கள். இனிப்பு ஒயினாகவே பெரிதும் அறியப்பட்டாலும் இனிப்புக் குறைந்த வகையும் உண்டு. ஆல்ககால் அளவு பெரும்பாலும் 14 முதல் 17 சதவீதம். நிறம் பொன்மஞ்சளிலிருந்து செம்பழுப்பு வரை மாறும். உலர்ந்த அத்தி, பாதாம், தேன், காய்ச்சிய சர்க்கரைப்பாகு ஆகியவற்றை நினைவூட்டும் மணம் கொண்டது.

பெயர்

பெயர் எப்படி வந்தது என்பதற்குப் பல கதைகள் வழங்குகின்றன. 1348ஆம் ஆண்டுக் கொள்ளைநோயின்போது சியெனா பகுதியில் ஒரு பிரான்சிஸ்கன் துறவி, திருப்பலியில் பயன்படும் ஒயினை நோயாளிகளுக்குக் கொடுத்தார் என்பது ஒன்று. 1439இல் பிளாரன்ஸ் நகரில் நடந்த திருச்சபைச் சங்கத்துக்கு வந்த கிரேக்கப் பேராயர் பெசாரியோன் இதைச் சுவைத்து, தம் நாட்டு ஒயினின் பெயரைச் சொன்னார். அது 'சாந்தோ' என்று காதில் விழுந்தது என்பது மற்றொன்று. இவை செவிவழிச் செய்திகளே. வழிபாட்டில் பயன்பட்டதும், புனித வாரத்தை ஒட்டிச் சாறு பிழிவதும் பீப்பாய் திறப்பதும் பல ஊர்களில் வழக்கமாக இருந்ததும் பெயருக்கு இயல்பாகப் பொருந்துகின்றன. கிரேக்கத் தீவான சாந்தோரினியின் 'வின்சாந்தோ' வேறு ஒயின். அதற்கான திராட்சையும் வேறு. அதைப் பரணில் அல்ல, வெயிலில் உலர்த்துகிறார்கள்.

திராட்சையும் உலர்த்தலும்

திரெப்பியானோ தொஸ்கானோ, மல்வாசியா பியாங்கா லுங்கா என்னும் வெள்ளை வகைகளே அடிப்படை. சாஞ்சோவேசே என்னும் கறுப்புத் திராட்சை முதன்மையாக அமைந்தால் அந்த ஒயினை 'ஓக்கியோ தி பெர்னிச்சே', அதாவது 'கௌதாரிக் கண்' என்பார்கள்.

அறுவடையில் முதற்கண் பறிக்கப்படுபவை வின் சாந்தோவுக்கான குலைகளே. காயமில்லாத, மணிகள் நெருங்காமல் காற்றுப் புகும்படி உள்ள குலைகளாகப் பார்த்துப் பொறுக்குவார்கள். அவற்றை நாணல் தட்டிகளில் பரப்பியோ, உத்தரத்திலிருந்து கொக்கிகளில் தொங்கவிட்டோ உலர்த்துவார்கள். இந்த உலர்த்தலுக்கு 'அப்பாசிமெந்தோ' என்று பெயர். மூன்று மாதத்திலிருந்து ஐந்தாறு மாதம்வரை இது நீளும். அத்தனை நாளும் அழுகிய மணிகளைக் கையால் களைந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு மணியின் பூஞ்சணம் குலை முழுவதையும் கெடுத்துவிடும். நீர் வற்ற வற்றச் சர்க்கரையும் புளிப்பும் மணமும் செறிகின்றன. அதனால் கிடைப்பது குறைவு. கியாந்தி கிளாசிக்கோ வட்டார விதிப்படி, புதுத் திராட்சையின் எடையில் 35 சதவீதத்துக்கு மேல் ஒயின் எடுக்கக் கூடாது.

பீப்பாயும் தாயும்

பிழிந்த சாறு 'கராத்தெல்லோ' என்னும் சிறு பீப்பாய்க்குள் போகிறது. ஐம்பது லிட்டர் அளவுள்ளவை மரபானவை. இன்று பெரியவையும் உண்டு. முன்பு கஷ்கொட்டை மரத்தில் செய்தவை மிகுதி. இப்போது ஓக் மரமே பெருவழக்கு. பீப்பாயின் அடியில் முந்தைய ஒயினின் மண்டி சிறிது விடப்பட்டிருக்கும். இதை 'மாத்ரே', அதாவது 'தாய்' என்று அழைக்கிறார்கள். பாலுக்கு உறை ஊற்றுவதுபோல, பழைய மண்டியிலுள்ள ஈஸ்ட் புதிய சாற்றை நொதிக்கச் செய்கிறது. ஒரு வீட்டின் தாய் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வரும். அதன் வழியே அந்த வீட்டு ஒயினின் குணமும் தொடர்கிறது என்பது தயாரிப்போரின் நம்பிக்கை. இன்று சிலர் தாயைத் தவிர்த்துத் தேர்ந்த ஈஸ்ட் சேர்க்கிறார்கள்.

பீப்பாயை விளிம்புவரை நிரப்புவதில்லை. வாயை இறுக அடைத்து, அரக்கோ மெழுகோ சிமென்டோ பூசிவிடுவார்கள். ஒயினை நிலவறையில் வைப்பதுதான் பொது வழக்கம். வின் சாந்தோ மட்டும் கூரையடிப் பரணுக்குப் போகிறது. 'வின்சாந்தாயா' என்னும் அந்த இடத்தில் கோடை வெப்பமும் பனிக்காலக் குளிரும் நேராகத் தாக்கும். குளிரில் நொதித்தல் அடங்கும். வெயில் ஏறியதும் மீண்டும் கிளம்பும். இப்படி அடங்கியும் எழுந்தும் மூன்று ஆண்டுகள், சில பண்ணைகளில் பத்து ஆண்டுகள்கூடக் கழியும். மரத்தின் வழியே ஒயின் ஆவியாகிக் குறையும்; உள்ளிருக்கும் காற்று பட்டு நிறமும் மணமும் ஆழமாகும். இடையில் திறந்து பார்க்கும் வழக்கமில்லாததால், ஒவ்வொரு பீப்பாயும் என்ன ஆனது என்பது திறக்கும் நாளில்தான் தெரியும்.

குடும்பப் பண்ணைகளும் இயற்கை வேளாண்மையும்

தொஸ்கானாவில் நெடுங்காலம் 'மெத்சாத்ரியா' என்னும் வாரக் குத்தகை முறை இருந்தது. புதிய வார ஒப்பந்தங்களை இத்தாலி 1964ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்தது. அந்தக் காலக் குடியானவர் வீடுகளில் வின் சாந்தோ விருந்தாளிக்கு எடுத்து வைக்கும் பொருள். திருமணத்திலும் திருநாளிலும் பீப்பாய் திறக்கப்படும். நீண்ட காத்திருப்பும் குறைந்த விளைச்சலும் கொண்ட இந்த ஒயினை வேகமான வணிகம் தாங்காது. வீட்டோடு சேர்ந்த பண்ணைகளே அதை இன்றும் பெரிதும் காக்கின்றன.

அப்பண்ணைகளில் பல இயற்கை வேளாண்மைக்கு மாறியுள்ளன. பான்சானோ ஊரில் மனெத்தி குடும்பம் 1968 முதல் நடத்தும் ஃபொந்தோதி பண்ணை ஓர் எடுத்துக்காட்டு. அங்கு வளர்க்கும் கியானீனா மாடுகளின் எரு கொடிகளுக்கே போகிறது. இத்தகைய தோட்டங்களில் வரிசைகளுக்கிடையே பயறு வகைகளை விதைத்துப் பசுந்தாள் உரமாக மடக்கி உழுவார்கள். சாம்பல் நோய்க்குக் கந்தகம். அடிச்சாம்பல் நோய்க்குச் செப்பு மருந்து. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி செப்பு ஏழு ஆண்டுகளில் ஹெக்டேருக்கு 28 கிலோவைத் தாண்டக் கூடாது. பழந்துளைக்கும் அந்துப்பூச்சியை இனக்கவர்ச்சி மருந்தால் குழப்பி இணையவிடாமல் தடுக்கிறார்கள். சான்றிதழுக்குமுன் மூன்று ஆண்டு மாற்றக்காலம் உண்டு. 2012 அறுவடை முதல்தான் சீசாவில் 'இயற்கை ஒயின்' என்று அச்சிட ஐரோப்பிய விதி இடம்தந்தது. அதற்குமுன் 'இயற்கை முறையில் விளைந்த திராட்சை' என்று மட்டுமே குறிப்பிடலாம். மாதக்கணக்கில் பரணில் கிடக்கப்போகும் குலைக்கு நலமான தோலே காவல் என்பதால், தோட்டத்தில் காட்டும் கவனம் இங்கு நேரடியாகப் பலன் தருகிறது.

வகைகளும் விதிகளும்

வட்டாரப் பெயர்க்காப்பு கியாந்தி கிளாசிக்கோவின் வின் சாந்தோவுக்கு 1995இலும், மொந்தேபுல்சியானோவுக்கு 1996இலும், கியாந்திக்கு 1997இலும் கிடைத்தது. மொந்தேபுல்சியானோவின் கௌதாரிக் கண் வகை பல ஆண்டுகள் முதிர வேண்டும். வடக்கே திரெந்தீனோவில் நொசியோலா திராட்சையைப் புனித வாரம்வரை உலர்த்திச் செய்வது 'வீனோ சாந்தோ'. இடையில் ஆல்ககால் சேர்த்து விரைவில் முடிக்கும் 'லிக்கொரோசோ' வகை மலிவானது. பரணில் காத்திருந்து வரும் ஆழம் அதில் இராது.

பரிமாறல்

பிராத்தோ நகரின் பாதாம் பிஸ்கட்டான கந்தூச்சியுடன் பரிமாறுவதே புகழ்பெற்ற வழக்கம். அந்நகரில் அந்தோனியோ மத்தேயி 1858இல் தொடங்கிய அடுமனை அந்தப் பிஸ்கட்டுக்குப் பெயர்போனது. கடினமான பிஸ்கட்டை ஒயினில் தோய்த்து உண்பார்கள். நன்கு முதிர்ந்த வின் சாந்தோவைத் தனியாகவோ பாலாடைக்கட்டியுடனோ அருந்துவதும் உண்டு. ஒயின் மேசைக்கு வந்தபின், பரணில் காலியான பீப்பாயைச் சுத்தமாகக் கழுவிவிடுவதில்லை. தாய் சிறிதளவு உள்ளேயே தங்கும். அந்த ஆண்டின் சாறு அதன்மேல் ஊற்றப்பட்டு வாய் மீண்டும் அடைக்கப்படும்.