வெயில், இன்சுலின், ஃபின்லாந்தின் ஒரு சானா அறை

வெயில் காலத்துல சுகர் ஏறுமா, இறங்குமா? இதுக்குப் பதில் தேடி பழைய ஆய்வுகளைப் புரட்டினா, நான் போய் நின்ன இடம் ஃபின்லாந்து. அங்க ஏது வெயில்னு கேட்பீங்க. வெயில் இல்ல, ஆனா சானா இருக்கு. அதாவது, சூட்டுல உட்கார்ந்து வியர்க்கிற குளியல் அறை.

முதல்ல 1922-க்குப் போவோம். ஜனவரி 11, கனடாவின் டொரான்டோ. லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு இன்சுலின் ஊசி போட்டாங்க. மருந்து அவ்வளவு சுத்தமா இல்லாததால சரியா பலிக்கலை. ஜேம்ஸ் காலிப் அதைச் சுத்திகரிச்ச பிறகு, ஜனவரி 23-ல் போட்ட ஊசிதான் வேலை செஞ்சது.

ஆனா ஒரு வித்தியாசம். கணையம் இன்சுலினை நேரடியா ரத்தத்துல விடுது. ஊசியில் போடுறது தோலுக்கு அடியில தங்கி, அங்கிருந்து மெதுவா ரத்தத்துக்குப் போகுது. அந்த வேகம் அந்த இடத்து ரத்த ஓட்டத்தைப் பொறுத்தது. உடம்பு சூடானா, சூட்டை வெளியேத்த தோலுக்கு ரத்தம் கூடுதலா பாயும்.

இதை அளந்தவர் ஃபின்லாந்தின் கோயிவிஸ்டோ. இன்சுலின் எடுக்கிற 8 பேருக்குக் கதிரியக்க அயோடின் சேர்த்த இன்சுலினைப் போட்டு, 85 டிகிரி சானாவில் உட்கார வெச்சார். ஊசி போட்ட இடத்துல கதிரியக்கம் குறையுற வேகத்தைக் கணக்கெடுத்தார். சாதாரண அறையைவிட இரண்டு மடங்குக்கும் மேல! சுகரும் கூடுதலா இறங்கியிருந்தது. 1980-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இது வெளியானது. எங்க சாஃப்ட்வேர் பாஷையில சொன்னா, இன்புட் அதேதான், ஓடுற சூழல்தான் மாறியிருக்கு.

பிறகு அமெரிக்காவில் சுமார் 2.85 லட்சம் முன்னாள் ராணுவத்தினரின் பரிசோதனைகளைப் பார்த்தாங்க. மூணு மாத சராசரியைக் காட்டுற ஹெச்பிஏ1சி, குளிர்காலத்துல கொஞ்சம் கூடி, கோடையில குறைஞ்சிருந்தது. இதுக்கு சாப்பாடு, நடமாட்டம்னு வேற காரணங்களும் இருக்கலாம்.

அப்போ வெயில்னா சுகர் இறங்கும்னு முடிவு கட்டிடலாமா? முடியாது. வியர்த்து உடம்புல தண்ணி வத்தினா சுகர் ஏறவும் செய்யும். ஒரே வெயில், இரண்டு பக்கமும் தள்ளும்.

ஆபத்து இங்கதான். வியர்வை, படபடப்பு, தலைசுத்தல். சுகர் இறங்கினாலும் இதேதான், வெயில்ல சோர்ந்தாலும் இதேதான். கத்திரி வெயில்ல வந்தவர் சாய்ஞ்சா, ‘வெயில் தாங்கலை, கொஞ்சம் படுங்க’னு விட்டுடுறோம். அவர் இன்சுலின் போடுறவரா இருந்தா, முதல்ல குளுக்கோமீட்டரை எடுங்க. 70-க்குக் கீழ இருந்து, நினைவும் இருந்தா, உடனே சர்க்கரைத் தண்ணி கொடுங்க. நினைவில்லைன்னா வாயில எதுவும் ஊத்தாதீங்க, 108-ஐக் கூப்பிடுங்க. டோஸை மாத்துறது டாக்டர் வேலை.

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.